‘லேப்டாப் நல்லாத்தானே ஓடுது... அப்புறம் ஏன் மாத்தணும்?’ - விண்டோஸ் 10 நிறுத்தமும் மலைக் கிராமங்களின் டிரைவர் தலைவலியும்

லேப்டாப் ஆன் ஆகிறது. டைப் அடிக்கலாம், படம் பார்க்கலாம், சாதிச் சான்றிதழுக்கு ஆன்லைனில் விண்ணப்பமும் போடலாம். ஆனால், திரையில் அவ்வப்போது ஓர் அறிவிப்பு எட்டிப் பார்க்கிறது: ‘இந்தக் கணினி விண்டோஸ் 11-க்குத் தேவையான தகுதிகளைப் பூர்த்தி செய்யவில்லை.’ எதிலும் பழுது இல்லை, எதுவும் உடையவும் இல்லை. ஆனாலும் கணினி ‘பழசு’ ஆகிவிட்டது.

2015 ஜூலை 29-ம் தேதி வெளியான விண்டோஸ் 10-க்கு, 2025 அக்டோபர் 14-ம் தேதியுடன் மைக்ரோசாஃப்ட் தனது ஆதரவை நிறுத்திக்கொண்டது. இதனால் உலகம் முழுக்க சுமார் 24 கோடி கணினிகள் குப்பைக்குப் போகும் நிலை வரலாம் என்று கேனலிஸ் ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரிலேயே கணித்திருந்தது. பெருநகரத்து ஐ.டி. நிறுவனம் பழைய கணினிகளைக் கழித்துக் கட்டிவிட்டுப் புதிதாக வாங்கிவிடும். சேர்வராயன் மலையில் இருக்கும் ஒரு குடும்பம் என்ன செய்யும்? அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப்பில்தான் தங்கை இன்று கல்லூரிப் பாடத்தைப் படிக்கிறாள் என்றால்?

மலையில் ஏன் இது கூடுதல் பிரச்சினை?

சேலம் மாவட்டம் ஏற்காடு ஒன்றியத்தில் உள்ள ஊராட்சிகளில் ஒன்று மஞ்சக்குட்டை. காப்பியும் மிளகும் விளையும் மலைப்பகுதி. பழங்குடியினர் அதிகம் வாழும் ஒன்றியம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற வேண்டும். சுற்றுலாப் பயணிக்கு அது அழகான பயணம். ‘வைஃபை வேலை செய்யல, சவுண்டு வரல’ என்று லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்குகிறவருக்கு அது ஒரு நாள் கூலி.

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-ம் தேதி தொடங்கியது. இப்படிப்பட்ட கிராமங்களில் பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி அதுதான். எல்காட் நிறுவனம் மூலம் கொள்முதல் செய்யப்பட்ட அந்த லேப்டாப்கள் அனைத்தையும் நாம் ‘அரசு லேப்டாப்’ என்று ஒரே பெயரில் சொல்கிறோம். உண்மையில் அவை ஒரே லேப்டாப் அல்ல. ஏசர், லெனோவோ உள்ளிட்ட பல நிறுவனங்கள் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு மாடல்களை வழங்கின. வெளியே அதே அரசு முத்திரை இருக்கும். உள்ளே மதர்போர்டு வேறு, வைஃபை சிப் வேறு, ஆடியோ சிப் வேறு. பக்கத்து வீட்டு லேப்டாப்புக்குப் பொருந்திய டிரைவர் நம் வீட்டு லேப்டாப்புக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

டிரைவர் என்றால் என்ன?

கணினியில் இரண்டு தரப்பு இருக்கிறது. ஒன்று, கையால் தொடக்கூடிய பாகங்கள், அதாவது ஹார்டுவேர். இன்னொன்று, விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம். இந்த இரண்டுக்கும் இடையில் நின்று, ‘சத்தத்தைக் கூட்டு’ என்று இயங்குதளம் சொல்வதை அந்தக் குறிப்பிட்ட ஆடியோ சிப்புக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லும் சிறிய மென்பொருள்தான் டிரைவர்.

பேரே டிரைவர் என்பதால் ஏற்காடு பஸ்ஸையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். பஸ் நல்ல நிலையில் இருக்கிறது. ரோடும் இருக்கிறது. ஆனால், அந்த ரோட்டில் அந்த பஸ்ஸை ஓட்டத் தெரிந்தவர் இல்லையென்றால் வண்டி ஸ்டாண்டிலேயேதான் நிற்கும். விண்டோஸ் 7-லிருந்து 10-க்கோ, 10-லிருந்து 11-க்கோ மாறுவது ரோட்டையே மாற்றிப் போடுவது மாதிரி. பழைய ரோட்டில் ஓட்டிப் பழகிய டிரைவர் புது ரோட்டிலும் ஓட்டிவிடலாம். ஓட்ட முடியாமலும் போகலாம். ஓட்ட முடியவில்லை என்றால், பாகம் பழுதில்லாமல் இருந்தும் பயன் இல்லை.

மதர்போர்டுக்கு மட்டும் ஏன் இத்தனை டிரைவர்?

பிரிண்டர் வாங்கினால் ஒரு டிரைவர் போட்டால் போதும். மதர்போர்டு அப்படி இல்லை. அது தனிப் பொருளே அல்ல, பல கம்பெனி சிப்புகள் ஒன்றாகக் குடியிருக்கும் காம்பவுண்டு வீடு. சிப்செட் இன்டெல் அல்லது ஏஎம்டியுடையதாக இருக்கும். ஆடியோ பெரும்பாலும் ரியல்டெக். நெட்வொர்க் சிப் இன்டெல், ரியல்டெக், பிராட்காம் என்று எதுவாகவும் இருக்கலாம். இவை தவிர யுஎஸ்பி கட்டுப்பாட்டுச் சிப், ஹார்டு டிஸ்க்கைக் கையாளும் கட்டுப்பாட்டுச் சிப், கிராஃபிக்ஸ் என்று பட்டியல் நீளும்.

சிப் தயாரிப்பாளர் ஒரு பொதுவான டிரைவரை எழுதுகிறார். ஏசுஸ், ஜிகாபைட், எம்எஸ்ஐ போன்ற போர்டு நிறுவனங்களும் லேப்டாப் நிறுவனங்களும் அதை வாங்கி, தங்கள் மாடலில் சோதித்து, தங்கள் இணையதளத்தில் ஏற்றுகின்றன. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கஷ்டம் கணினி வைத்திருப்பவருக்குத்தான். போர்டு கம்பெனியைக் கேட்டால் சிப் கம்பெனியைக் கை காட்டும். சிப் கம்பெனியைக் கேட்டால் ‘லேப்டாப் தயாரிப்பாளர் கொடுத்த டிரைவரையே பயன்படுத்துங்கள்’ என்று திருப்பி அனுப்பும்.

நிறுவனங்கள் ஏன் கைவிடுகின்றன?

முதல் காரணம், காசு. மதர்போர்டு ஒரு முறைதான் விற்கிறது. விற்று ஏழெட்டு ஆண்டு ஆன மாடலுக்குப் புதிய இயங்குதளத்தில் டிரைவரைச் சோதித்து வெளியிடுவதில் நிறுவனத்துக்கு வருமானம் எதுவும் இல்லை. இன்னும் சொல்லப்போனால், பழசு நன்றாக ஓடினால் புதுசு விற்காது.

இரண்டாவது, விதிகள் இறுகிவிட்டன. 2016-ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, இயங்குதளத்தின் மையத்தில் இயங்கும் புதிய டிரைவர்கள் மைக்ரோசாஃப்டின் டிஜிட்டல் கையொப்பம் பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. கையொப்பம் இல்லாத டிரைவர் வழியாக வைரஸ் நேராக மையத்துக்கே போய்விடும் என்பதால், விதியில் நியாயம் இருக்கிறது. ஆனால், ஊற்றி மூடப்பட்ட நிறுவனத்தின் பழைய கருவிக்கு யார் போய்க் கையொப்பம் வாங்குவார்கள்?

மூன்றாவது, 32 பிட், 64 பிட் வேறுபாடு. விண்டோஸ் 11, 64 பிட்டில் மட்டுமே வருகிறது. 32 பிட் டிரைவர் அதில் வேலை செய்யாது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வாங்கிய ஸ்கேனரோ, ரசீது பிரிண்டரோ இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

பழைய டிரைவரைத் தேடிப் பிடிப்பதும் ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிறது. டெஸ்க்டாப் மதர்போர்டு தயாரிப்பிலிருந்து விலகுவதாக 2013 ஜனவரியில் அறிவித்த இன்டெல், 2019 நவம்பரில் தனது பழைய போர்டுகளுக்கான டிரைவர், பயாஸ் கோப்புகளை இணையதளத்திலிருந்தே நீக்கத் தொடங்கியது.

இது புதுசு இல்லை

2007-ல் விண்டோஸ் விஸ்டா வந்தபோதே இந்தத் தலைவலி தொடங்கிவிட்டது. எக்ஸ்பியில் ஓடிய பிரிண்டரும் கிராஃபிக்ஸ் கார்டும் விஸ்டாவில் முரண்டு பிடித்தன.

2015-க்குப் பிறகு இதன் எதிர்ப்பக்கமும் தெரிந்தது. இன்டெல்லின் ஆறாம் தலைமுறை மதர்போர்டில், மக்களுக்குப் பழக்கமான விண்டோஸ் 7-ஐப் போட முயன்றால், நிறுவும் திரையிலேயே யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் செத்துப்போகும். அந்த போர்டுகளின் யுஎஸ்பி 3.0 கட்டுப்பாட்டுச் சிப்புக்கு விண்டோஸ் 7 டிஸ்க்கில் டிரைவர் இல்லாததுதான் காரணம். ‘நெக்ஸ்ட்’ பட்டனை அழுத்தக்கூட வழி இருக்காது.

2020-ல் வந்த 11-ம் தலைமுறை இன்டெல் லேப்டாப்களில் இதேபோல இன்னொன்று. விண்டோஸை மறுபடி நிறுவப் போனால் ‘டிரைவ் எதுவும் இல்லை’ என்று காட்டும். எஸ்எஸ்டி போய்விட்டது என்று பயந்து புதுசு வாங்கியவர்கள் உண்டு. உண்மையில் எஸ்எஸ்டி நன்றாகத்தான் இருக்கும். இன்டெல்லின் விஎம்டி என்ற வசதிக்கான டிரைவரைப் பென் டிரைவில் வைத்து, நிறுவும்போது ‘லோட் டிரைவர்’ கொடுத்தால் சரியாகிவிடும்.

விண்டோஸ் 11 அப்படி என்ன கேட்கிறது?

2021 அக்டோபர் 5-ல் வெளியான விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் இருந்தால் போதும். இது பல பழைய லேப்டாப்களிலேயே உண்டு. சிக்கல் மற்ற மூன்றில்தான்.

ஒன்று, டிபிஎம் 2.0. கடவுச்சொல், குறியாக்கச் சாவி போன்றவற்றைப் பூட்டி வைக்கும் பெட்டகம் மாதிரியான பாதுகாப்பு வசதி இது. புதிய விண்டோஸ் 10 கணினிகளில் இது இருக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் கட்டாயமாக்கியதே 2016 ஜூலையில்தான்.

இரண்டு, யூஇஎஃப்ஐ மற்றும் செக்யூர் பூட். கணினி ஆன் ஆகும் நொடியிலேயே, வருவது உண்மையான இயங்குதளமா, வேஷம் போட்ட வைரஸா என்று சரிபார்க்கும் ஏற்பாடு. பழைய பயாஸ் முறையில் இது கிடையாது.

மூன்று, செயலி. சில விதிவிலக்குகளைத் தவிர, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை தொடங்கித்தான் அனுமதி. இன்டெல்லின் எட்டாம் தலைமுறைச் செயலி சந்தைக்கு வந்ததே 2017 ஆகஸ்டில். ஆகவே அதற்கு முன் வழங்கப்பட்ட அரசு லேப்டாப் எதுவும் இந்தப் பட்டியலுக்குள் வராது.

அப்டேட் வராவிட்டால் என்ன ஆகிவிடும்?

உடனே ஒன்றும் ஆகாது. கணினி நின்றுவிடாது. ஆனால், அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க யாரும் வரமாட்டார்கள்.

2017 மே மாதம் உலகைக் கலக்கிய ‘வான்னாக்ரை’ தாக்குதலை நினைத்துப் பாருங்கள். அது புகுந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். பெரிய மருத்துவமனைகள், தொழிற்சாலைகள் மட்டுமல்ல, கேரளாவின் வயநாடு மாவட்டத்தில் தரியோடு என்ற ஊராட்சி அலுவலகத்தின் கணினிகளும் அதில் சிக்கின. ‘மலைக் கிராமத்து கம்ப்யூட்டரை யார் ஹேக் பண்ணப் போறாங்க?’ என்பதற்கு அது பதில். வைரஸ் ஊர் பார்த்து வருவதில்லை, ஓட்டை பார்த்து வருகிறது. வங்கிக் கணக்கு, ஆதார், சான்றிதழ்கள் எல்லாம் ஒரே லேப்டாப்பில் இருக்கும் வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சரி, இப்போ என்ன பண்றது?

*முதலில் மாடலைத் தெரிந்துகொள்ளுங்கள்.* லேப்டாப்பின் அடியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும். ‘அரசு லேப்டாப் டிரைவர்’ என்று தேடாமல், அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டுத் தேடுங்கள்.

*தகுதியைச் சோதியுங்கள்.* மைக்ரோசாஃப்டின் ‘பிசி ஹெல்த் செக்’ செயலி, உங்கள் கணினியில் எது குறைகிறது என்று தெளிவாகச் சொல்லிவிடும். எட்டாம் தலைமுறைச் செயலி இருந்தும் ‘டிபிஎம் இல்லை’ என்று வந்தால் கவலை வேண்டாம். பல போர்டுகளில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும். பயாஸ் அமைப்புக்குள் போய், இன்டெல் என்றால் பிடிடி, ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்ற வசதியை இயக்கினால் போதும். செலவே இல்லாமல் வேலை முடியும்.

*தகுதி இல்லையா? அவகாசம் இருக்கிறது.* வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தரும் நீட்டிப்புத் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 10-ன் கடைசிப் பதிப்பான 22எச்2-வில் இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து, கணினி அமைப்புகளை அந்தக் கணக்கில் சேமிக்க ஒப்புக்கொண்டால் கட்டணம் இல்லை. மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டருக்கான வைரஸ் தகவல்கள் 2028 அக்டோபர் வரை வரும். ஆனால், அது வாசலில் நிற்கும் காவலாளி மட்டுமே. இடிந்த சுவரை அது கட்டித் தராது.

*டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் தெரிகிறதா?* அந்தப் பாகத்துக்கு டிரைவர் இல்லை, அல்லது இருக்கும் டிரைவர் ஒத்துப்போகவில்லை என்று பொருள். அதன் மேல் ரைட் கிளிக் செய்து, பண்புகளில் ‘ஹார்டுவேர் ஐடி’யைப் பாருங்கள். அதில் தயாரிப்பாளரின் எண் இருக்கும். 8086 என்றால் இன்டெல், 1002 என்றால் ஏஎம்டி கிராஃபிக்ஸ். பாகத்தின் பெயரே தெரியாவிட்டாலும், இந்த எண்ணை வைத்து எந்த சிப் என்று கண்டுபிடித்துவிடலாம்.

*விண்டோஸை மறுபடி நிறுவும் முன் வைஃபை டிரைவரைப் பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.* நிறுவி முடித்த பிறகு வைஃபை வேலை செய்யாவிட்டால், டிரைவரைப் பதிவிறக்க நெட் வேண்டும். நெட் வர டிரைவர் வேண்டும். இந்தச் சிக்கலில் மாட்டினால் இன்னொரு வழியும் உண்டு: ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து ‘யுஎஸ்பி டெதரிங்’ போட்டால், பெரும்பாலும் தனி டிரைவர் இல்லாமலேயே நெட் வந்துவிடும். டவர் கிடைக்கும் இடத்தில் உட்கார்ந்தால் சேலம் இறங்காமல் காரியம் முடியும்.

செய்யக் கூடாதவை

‘ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரும்’ என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களை நம்ப வேண்டாம். தவறான டிரைவரைப் போட்டு நீலத் திரையில் நிறுத்திவிடக் கூடும். விளம்பர மென்பொருளையும் கூடவே இறக்கிவிடக் கூடும்.

மழைக் காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத நேரத்தில் பயாஸ் அப்டேட் செய்யாதீர்கள். பாதியில் நின்றால் மதர்போர்டே எழுந்திருக்காமல் போகலாம். லேப்டாப் என்றால் பேட்டரி நல்ல நிலையில், முழு சார்ஜில் இருக்க வேண்டும். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் கட்டாயம்.

தகுதிச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ நிறுவும் குறுக்குவழிகள் யூடியூபில் நிறைய உண்டு. நிறுவவும் முடியும். ஆனால், இப்படிப்பட்ட கணினிகளுக்கு அப்டேட் வரும் என்று உத்தரவாதம் இல்லை என மைக்ரோசாஃப்ட் கூறியிருக்கிறது. 24எச்2 பதிப்பிலிருந்து, மிகப் பழைய செயலிகளில் குறுக்குவழியும் பலிக்காது; பூட் ஆகவே ஆகாது.

லினக்ஸுக்கு மாறலாமா?

பழைய லேப்டாப்புக்கு மறுவாழ்வு தரும் வழிகளில் இதுதான் மலிவானது. லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள்ளேயே இருக்கின்றன. நிறுவனம் கைவிட்ட பாகத்தைக்கூடத் தன்னார்வலர்கள் பராமரிக்கிறார்கள். லினக்ஸ் மின்ட்டுக்கு 2 ஜிபி ரேம் இருந்தாலே போதும். 4 ஜிபி இருந்தால் வசதி. ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டி போட்டால் வேகமும் கூடும்.

தமிழகத்துக்கு இது அந்நியமானதும் இல்லை. சி.உமாசங்கர் எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், பள்ளிக் கணினிகளில் சூசே லினக்ஸ் கொண்டுவரப்பட்டது. விலையில்லா லேப்டாப்களில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் கேரளாவிலோ, ‘கைட்’ அமைப்பு மூலம் அரசுப் பள்ளிகள் உபுண்டு அடிப்படையிலான இயங்குதளத்தில்தான் பாடம் நடத்துகின்றன. ஆசிரியர்களுக்கு முறையான பயிற்சியும் தரப்பட்டது. வேறுபாடு மென்பொருளில் இல்லை, சொல்லிக்கொடுத்ததில்தான்.

அதற்காக லினக்ஸ் சர்வரோக நிவாரணி இல்லை. சில பிராட்காம் வைஃபை சிப்புகளுக்குத் தனியாக டிரைவர் போட வேண்டும. ஜெராக்ஸ் கடைகளில் பரவலாக இருக்கும் கேனன் எல்பிபி 2900 பிரிண்டரை லினக்ஸில் ஓடவைக்கக் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். டேலி நேரடியாக ஓடாது. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ்க் கோப்புகள் இருந்தால், முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வது நல்லது. 32 பிட் மட்டுமே உள்ள கணினிகளுக்கு இங்கும் கதவு மூடிக்கொண்டு வருகிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் கணினிகளுக்கான வழக்கமான ஆதரவைக் கைவிட்டுவிட்டது.

ஒரு யோசனை: நிறுவும் முன் பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சவுண்டு, பிரிண்டர் மூன்றும் வேலை செய்தால் மட்டும் நிறுவுங்கள். சுமார் 3 ஜிபி கோப்பை ஒருவர் பதிவிறக்கினால், அதே பென் டிரைவ் ஊருக்கே போதும்.

2026-ல் இன்னொரு தேதி

செக்யூர் பூட் வசதியில் பயன்படும், 2011-ல் வழங்கப்பட்ட மைக்ரோசாஃப்ட் சான்றிதழ்கள் 2026 ஜூன் முதல் காலாவதியாகத் தொடங்குகின்றன. புதிய சான்றிதழ்கள் பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட் வழியாகவே வந்துவிடும். சில போர்டுகளுக்குத் தயாரிப்பாளரின் பயாஸ் அப்டேட்டும் தேவைப்படலாம். அப்டேட்டை நிரந்தரமாக நிறுத்தி வைத்திருப்பவர்களும், தயாரிப்பாளர் கைவிட்ட மாடல் வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். காலாவதியானதும் கணினி நின்றுவிடாது. ஆனால் பூட் தொடர்பான பாதுகாப்பு அப்டேட்கள் அதன்பின் வராது.

யாருடைய பொறுப்பு?

ஒரு மிக்ஸி வாங்கினால், அது ஓடும் வரை ஓடும். கணினி அப்படி இல்லை. பாகத்தின் ஆயுளை அந்தப் பாகம் முடிவு செய்வதில்லை. எங்கோ ஓர் அலுவலகத்தில் எழுதப்பட்ட ஆதரவுத் தேதி முடிவு செய்கிறது. வாங்கும்போது அந்தத் தேதியைப் பெட்டியில் யாரும் அச்சிட்டுத் தருவதும் இல்லை.

2025-26 தமிழக நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. நல்ல விஷயம். கூடவே மாடல் வாரியாக டிரைவர்களையும் மீட்பு மென்பொருளையும் அரசுத் தளம் ஒன்றில் நிரந்தரமாக வைத்தால், கல்லூரிக்கு ஒரு பென் டிரைவ் தொகுப்பு கொடுத்தால், இத்தனை ஆண்டுகளுக்கு அப்டேட் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினால், இன்று கொடுக்கும் லேப்டாப் பத்து ஆண்டு கழித்தும் யாரோ ஒரு தங்கைக்கோ தம்பிக்கோ உதவும். மஞ்சக்குட்டையிலிருந்து ஒரு வைஃபை டிரைவருக்காக 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டிய அவசியமும் இருக்காது.